துப்பாக்கிக்குத் துல்லியமா, கொத்தா?

அனைவருக்கும் வணக்கம்.

கைத்துப்பாக்கி வேட்டை பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கான கட்டுரை. அணில், முயல், புல்வெளியை வளை தோண்டிக் குட்டிச்சுவராக்கும் பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், அணில் இனக் கொறிவிலங்கு) போன்றவற்றைச் சுட எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பது விஷயம். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். செமி ஆட்டோமேட்டிக், அக்யூரேட், ஸ்மால் கேம், வார்மின்ட் என்று நான்கு சொற்கள் ஒரே மூச்சில் வருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "சிறிய விளையாட்டுக்கான துல்லியமான அரை தானியங்கி கைத்துப்பாக்கி" என்று வந்தது. ஏதோ பொம்மைக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

குழுவினர் கைகொடுக்க வேண்டும்.

* * *

தம்பிக்கு,

"அரைத் தானியங்கி" வேண்டவே வேண்டாம். அதில் எது அரை என்று யாராலும் சொல்ல முடியாது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகிறது. சுட்ட வேகத்திலேயே வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே எறியப்பட்டு அடுத்த தோட்டா குழலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுடுபவர் அடுத்த குண்டுக்கு விசையை விட்டு மறுபடி இழுத்தால் போதும். இதில் பாதி வேலை, முக்கால் வேலை என்ற கணக்கெல்லாம் கிடையாது. இழுத்துப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கியிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ஆங்கிலத்தில் அந்த "செமி" ஒட்டிக்கொண்டது.

அதையும் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டாவின் பெயரில் உள்ள "ஏ" ஆட்டோமேட்டிக்தான். ஆனால் அதைப் போடும் 1911 கைத்துப்பாக்கி ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான் சுடும். ஜெர்மானியர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: செல்ப்ஸ்ட்லாடெபிஸ்டோலெ. தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. தமிழில் தோட்டாவை "ஏற்றுவது" என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே தானேற்றி. தானேற்றுக் கைத்துப்பாக்கி.

சுழல் துப்பாக்கியிலும் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதானே என்று யாராவது கிளம்பலாம். உண்மைதான். ஆனால் அங்கே தோட்டா உருளையைத் திருப்புவது நம் விரலின் அல்லது கட்டைவிரலின் வலு. இங்கே வெடிப்பின் வலு. "தான்" என்ற சொல் அந்த வேறுபாட்டையும் பிடித்துக்கொள்கிறது.

"ஸ்மால் கேம்" என்பதற்குச் சிறுவேட்டை போதும்; இங்கே "கேம்" விளையாட்டல்ல, வேட்டை விலங்கு. அக்யூரேட் என்றால் துல்லியம். அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? வார்மின்ட் எனக்குத் தெரியவில்லை.

* * *

ஐயாவுக்கு வணக்கம். தானேற்றி பிரமாதம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால்,

> அக்யூரேட் என்றால் துல்லியம். அதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

விவாதமே அங்கேதான் இருக்கிறது ஐயா. நான் பல வருடமாக இருபத்திரண்டு, அதாவது .22 அங்குலச் சின்னத் தோட்டா, சுடுகிறவள். என் அசட்டுத்தனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் துப்பாக்கி வாங்கிய புதிதில் 25 கெஜத்தில் அட்டையை மாட்டி ஒரு குண்டு சுட்டேன். இடது பக்கம் விழுந்தது. பின்குறியின் (குறிபார்க்கக் குழலின் பின்பக்கம் இருக்கும் பாகம்) திருகைத் திருப்பினேன். அடுத்தது மேலே போனது. மறுபடி திருகு. அடுத்தது வலது. இப்படியே ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தது. அட்டை சல்லடையாகிவிட்டது. "இந்தத் துப்பாக்கியில் துல்லியமே இல்லை" என்று அலுத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டு, "திருகைத் தொடாமல் பத்து குண்டு சுடும்மா" என்றார். மணல் மூட்டைமேல் கையை ஊன்றிப் பத்தும் சுட்டேன். மையத்துக்கு இரண்டு அங்குலம் இடது கீழே, ஒரு கட்டைவிரலால் மறைத்துவிடலாம் போல, பத்துத் துளைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன.

அப்போதுதான் புரிந்தது. ஒரு குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து குண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது துப்பாக்கியின் குணம். அந்தக் கூட்டம் மையத்தில் விழுகிறதா, ஒதுங்கி விழுகிறதா என்பது குறியைச் சரிசெய்கிற வேலை. இரண்டாவதை ஒரு திருப்புளியால் ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். முதலாவதைக் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

"துல்லியம்" என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். படிப்பவர் "மையத்தில் அடிக்கிற துப்பாக்கி" என்றுதான் புரிந்துகொள்வார். மையத்தைச் சுற்றி நாலா பக்கமும் சிதறச் சுடும் துப்பாக்கிக்கும் சராசரி எடுத்தால் மையம்தானே வரும்? அதைக் கொண்டு அணிலைச் சுட்டால் அணில் கிளையில் உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கும்.

அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் "குரூப்". தயவுசெய்து யாரும் "குழு" என்று போட்டுவிடாதீர்கள். "நல்ல குழு அமைக்கும் துப்பாக்கி" என்று எழுதினால் காவல்துறை வந்து நிற்கும். நாங்கள் தமிழர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சுடும்போது "கொத்து" என்கிறோம். "இதுக்கு நல்லா கொத்து விழுது", "இன்னிக்குக் கொத்து உடைஞ்சு போச்சு". அந்தக் குணத்துக்குக் குறிச்செறிவு என்று பெயர் வைக்கலாம். செறிவுள்ள துப்பாக்கி என்றால் கொத்து இறுக்கமாக விழும் துப்பாக்கி.

கொத்தை அளப்பது இப்படி: அட்டையில் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதில் ஒரு குண்டின் குறுக்களவைக் கழிப்பது. இருபத்திரண்டுக்கு ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர். மூன்று குண்டுக் கொத்தைக் காட்டி யாராவது பெருமையடித்தால் நம்பாதீர்கள். குண்டு கூடக் கூடக் கொத்து விரியும். பத்தில்தான் உண்மை தெரியும்.

இனிச் செறிவு எங்கிருந்து வருகிறது என்பது. கட்டுரையில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ தெரியாது, ஆனால் சொல் சரியா என்று பார்க்க இது தேவை. பெரிய தோட்டா போடும் கைத்துப்பாக்கிகளில் சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடும் உறையான ஸ்லைடோடு சேர்ந்து குழலும் கொஞ்சம் பின்னால் போய்ச் சாய்ந்து, பிறகு முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முன்பு இருந்த இடத்துக்கே வர வேண்டும். ஒரு மயிரிழை மாறினாலும் கொத்து விரியும். குறிகளும் அந்த ஸ்லைடின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வலு குறைந்த தோட்டா, ஆகவே குழலை அசையாமல் பொருத்திவிடலாம். 1949-இல் வந்த ரூகர் ஸ்டாண்டர்டு முதல் 2016-இன் மார்க் 4 வரை அந்த வரிசை முழுக்க அப்படித்தான்: ஒரு குழாய், அதில் இறுக்கிய குழல், குழாய்க்குள்ளே, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். குறிகள் அசைவதே இல்லை. பிரவுனிங் பக் மார்க்கிலும், 1957-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41-இலும் ஸ்லைடு ஓடும், ஆனால் பின்குறி அதன் மேல் இருக்காது. சிறுவேட்டைக்காரர்கள் இந்த மூன்றின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான். விலையில் மாடல் 41 தனி உயரத்தில் இருக்கிறது. வேட்டைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து; பந்தயச் சுடுதலுக்குப் பிறந்த துப்பாக்கியைப் புதரில் உரசிக்கொண்டு நடக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் விசை. இழுப்பு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோவுக்குள் இருந்து, சட்டென்று கண்ணாடிக் குச்சி முறிவது போல விட வேண்டும். இழுத்துக்கொண்டே போகும் கனமான விசை நல்ல குழலையும் கெடுத்துவிடும். அடுத்தது தோட்டா. ஒரே துப்பாக்கியில் ஒரு வகைக்கு ஒரு அங்குலக் கொத்தும் இன்னொரு வகைக்கு மூன்று அங்குலமும் விழுந்து பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்ததுதான் நன்றாக விழும் என்பதும் இல்லை. நாலைந்து வகை வாங்கிச் சுட்டுப் பார்த்துத் துப்பாக்கிக்குப் பிடித்ததைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வேகம் ஒலியைவிடக் கொஞ்சம் குறைவாக, வினாடிக்கு 1,070 அடி அளவில் உள்ளவை பெரும்பாலும் நன்றாகக் கொத்து போடும். சத்தம் அதிகம் வராத மிக மெதுவான தோட்டாக்களும் உண்டு. அவற்றுக்கு போல்ட்டை முழுக்கப் பின்னால் தள்ள வலு போதாது. ஐயா, அப்போது உங்கள் தானேற்றி தானேற்றாது!

* * *

வணக்கம். இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. வார்மின்ட் என்பது வெர்மின் என்பதன் வட்டார வழக்கு. அதன் வேர் இலத்தீனில் புழு. எங்களிடம் பயிருக்குத் தீங்கு செய்யும் எல்லாவற்றுக்கும் "பீடை" என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது; பீடைகொல்லி என்றுதான் போத்தலிலும் எழுதியிருக்கும். பீடை விலங்கு என்று போடலாமே?

* * *

> பீடை விலங்கு என்று போடலாமே?

இங்கே "பீடை" என்றால் பிடித்து ஆட்டுவது, விளங்காமல் போவது. வீட்டில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளப் பயன்படுகிறது. ஆனாலும் பக்கத்தில் "விலங்கு" வந்துவிட்டால் பொருள் பிடிபடும் என்று நினைக்கிறேன். தீங்குயிரி என்று ஒன்றை நான் மனதில் வைத்திருந்தேன். கொஞ்சம் பாடநூல் வாடை அடிக்கிறது. பீடை விலங்கே இருக்கட்டும்.

குறிச்செறிவுக்கு வருகிறேன். வேதியியலில் செறிவு என்பது கரைசலின் அடர்த்தியைச் சொல்ல ஏற்கெனவே ஆகிவந்தது, மறுபடி வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே, "குறி" முன்னால் நிற்கும்போது யாரும் உப்புக் கரைசலை நினைக்க மாட்டார்கள் என்று தோன்றிவிட்டது. விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. கொத்தின் அளவை அங்குலத்தில் மட்டும் சொன்னால் தூரம் மாறும்போது கணக்கு மாறும். ஆங்கிலத்தில் இதற்கு "மினிட் ஆஃப் ஆங்கிள்" என்கிறார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதை யாரும் "கோணத்தின் நிமிடம்" என்று எழுதித் தொலைக்க வேண்டாம். நம் சோதிடக் கணக்கில் பாகைக்கு 60 கலை என்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. கலை என்ற சொல் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 100 கெஜத்தில் ஒரு கலை 1.047 அங்குலம். 25 கெஜத்தில் கால் அங்குலம் சொச்சம்.

அம்மா, அணில் தலை எவ்வளவு இருக்கும்?

* * *

ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள் ஐயா. உங்கள் கணக்கில் 25 கெஜத்தில் ஏறக்குறைய ஆறு கலைக்குள் கொத்து விழ வேண்டும். அதே ஆறு கலைத் துப்பாக்கி 50 கெஜத்தில் மூன்று அங்குலம் விரிக்கும். பல குண்டுகள் தலையில் படாது. உடம்பில் பட்டுக் காயத்தோடு ஓடிவிட்டால் அது பெரிய பாவம். ஆகவே அந்தத் துப்பாக்கிக்காரர் 25-லேயே நிற்க வேண்டும். கலை நல்ல சொல், தூரத்தை எங்கே நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடுகிறது. இவ்வளவும் மணல் மூட்டைமேல் ஊன்றிச் சுட்ட கணக்கு. காட்டில் மரத்தில் சாய்ந்து சுடும்போது நம் கையின் நடுக்கமும் சேரும்.

இன்னொன்று. சிறுவேட்டையையும் பீடை விலங்கையும் ஒரே வரியில் போட்டாலும் இரண்டும் வேறு வேலை. அணிலும் முயலும் சமையலுக்குப் போகும். அதனால் தலையில் ஒரே குண்டு, இறைச்சியைக் கெடுக்காத கெட்டி முனை. பீடை விலங்கு வயலில் தள்ளி நிற்கும். அங்கே குழிமுனைக் குண்டு, முடிந்தால் 1959-இல் வந்த .22 மேக்னம். ஆனால் மேக்னத்தின் வேகம் கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் நன்றாகவே குறைந்துவிடும். நீளத் துப்பாக்கிக்குச் சொன்ன எண்களைப் பெட்டியில் பார்த்து ஏமாறக் கூடாது. சாதாரண இருபத்திரண்டை 50 கெஜத்துக்குக் குறி வைத்திருந்தால் 100-இல் அரை அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். அந்தத் தூரத்தைக் கைத்துப்பாக்கியில் ஆசைப்படவே வேண்டாம். சட்டமும் இரண்டுக்கும் வேறு: சிறுவேட்டைக்குப் பருவமும் நாளுக்கு இத்தனை என்ற வரம்பும் இருக்கும், பீடை விலங்குக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு வரியாவது கொடுங்கள் தம்பி.

* * *

மிக்க நன்றி. முதல் வரி இப்படி வந்திருக்கிறது:

"சிறுவேட்டைக்கும் பீடை விலங்குகளைச் சுடுவதற்கும் குறிச்செறிவு மிகுந்த தானேற்றுக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?"

உள்ளே "குரூப்" வரும் இடமெல்லாம் கொத்து, "எம்ஓஏ" (மினிட் ஆஃப் ஆங்கிளின் சுருக்கம்) வரும் இடமெல்லாம் கலை. கொத்து மையத்தில் விழும்படி குறியைச் சரிசெய்யும் "ஜீரோ செய்வது" என்பதைக் குறிநேர்த்தல் என்று போட்டுவிட்டேன். குறி தப்புவதற்குப் "பிழைத்தல்" என்று எழுதத் தோன்றியது. முயலைத் தைத்த அம்பைவிட யானையைப் பிழைத்த வேல் மேல் என்கிற குறளில் அந்தப் பொருளில்தான் வருகிறது. ஆனால் "முயல் பிழைத்தது" என்று எழுதினால் முயல் உயிர் தப்பியது என்றுதான் படிப்பார்கள். அதுவும் சரிதானே என்று சிரித்துக்கொண்டேன். இருந்தாலும் "தப்பியது" என்று மாற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் அந்தப் பெட்டி. மேகசின் என்றே விடலாமா?

* * *

விடுங்கள் தம்பி. "இதழ்" என்று போட்டுவிடாமல் இருந்தால் சரி.