உதவி தேவை: ப்ளேயரில் சரியாகக் கேட்கும் பழைய ஜப்பானியக் குறுந்தகடுகள், ரிப் செய்தால் மட்டும் காதைக் கீறுவது ஏன்?

வெள்ளித்தட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திரைப்படப் பின்னணி இசையையும் வீடியோ கேம் இசையையும் குறுந்தகடுகளாகச் சேர்த்து வருகிறேன். அண்மையில் ஜப்பானிலிருந்து பழைய தகடுகள் இரண்டை வரவழைத்தேன். ஒன்று 1980களின் நடுப்பகுதியில் வெளியான ஆர்கேட் கேம் (காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கருவி) இசைத்தொகுப்பு. மற்றொன்று, ஓர் அமெரிக்கப் படத்தின் ஆர்க்கெஸ்ட்ரா பின்னணி இசை. அதுவும் அதே காலத்தில் ஜப்பானில் அச்சானது.

வீட்டில் உள்ள பழைய சிடி ப்ளேயரில் இரண்டும் குறையின்றி ஒலிக்கின்றன. ஆனால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் கொண்டு அவற்றைத் தரம் குறையாத ஃப்ளாக் ஒலிக்கோப்புகளாக ரிப் செய்து (கணினியில் நகலெடுத்து), அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டால், வயலின்கள் காது கூசும்படியும், சிம்பல் தாளங்கள் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலவும் கேட்கின்றன. ரிப் அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில் மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடும் என் பிரதி ஒத்துப்போகிறது. வேறொரு கணினியின் டிரைவில் எடுத்துப் பார்த்தும் மாற்றமில்லை. 1990களுக்குப் பிந்தைய தகடுகள் இதே முறையில் நன்றாகவே வருகின்றன.

ஈக்வலைசரில் ட்ரெபிளை (உயர் அலைவெண் ஒலியை) குறைத்தால் கூச்சம் தணிகிறது. ஆனால் இசையில் ஒரு மங்கல் வந்துவிடுகிறது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: கேம் இசைத் தகட்டில், இசைக்குழுவை வைத்து மறுஆக்கம் செய்த முதல் சில பாடல்கள் கணினியிலும் இயல்பாகவே இருக்கின்றன, விளையாட்டின் மூல ஒலியைக் கொண்ட பின்பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கிறது. இவை போலித் தகடுகளாக இருக்குமோ என்பதே என் முதல் ஐயம்.

பழையசரக்கு

போலி என்று இப்போதே முடிவுக்கு வர வேண்டாம். ஜப்பானிய இசைத்தொகுப்புகளின் போலிகள் பெரும்பாலும் தைவானில் அச்சாகி 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் உலகமெங்கும் பரவியவை. அவற்றில் அக்காலத்தில் புகழ்பெற்ற கேம்களின் இசையே மிகுதி. 1980களின் ஆர்கேட் தொகுப்புகளைத் தேடுவோர் அன்று குறைவு என்பதால், அவற்றைப் போலியாக அச்சிட யாரும் அதிகம் மெனக்கெடவில்லை.

இருந்தாலும் சரிபார்த்துவிடுங்கள். பெட்டியின் முதுகுப் பக்கம் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையான ஓபி இருக்கிறதா? அதில் அச்சிட்ட பட்டியல் எண்ணும் தகட்டின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அக்காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் பல, பட்டியல் எண்ணின் தொடக்கத்திலேயே விலையைப் பொதிந்து வைத்தன: 35 என்று இருந்தால் 3,500 யென், 32 என்றால் 3,200, 28 என்றால் 2,800. ஜப்பானில் 3 விழுக்காடு நுகர்வு வரி 1989 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே, ஓபியில் வரி சேர்த்த விலை, வரி நீங்கலான விலை என இரண்டும் அச்சாகியிருந்தால், அந்தப் பிரதி அதற்குப் பிறகு அச்சானது. தகட்டின் உள்வளையத்தில் ‘ஐஎஃப்பிஐ’ எழுத்துகளோடு பொறிக்கும் ஆலைக் குறியீடு 1994இல் அறிமுகமானது. அதைக் காணோமே என்று சிலர் பழைய தகடுகளைச் சந்தேகிப்பதைப் பார்த்திருக்கிறேன். 1986ஆம் ஆண்டுத் தகட்டில் அது இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மழைநாள்

தகடு அரித்துப்போயிருக்கலாம் என்பது என் ஊகம். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான தகடுகள் பல, ஓரத்திலிருந்து செம்புநிறமாக மாறிப் படிப்படியாகப் பழுதடைந்தன. தாள் உறையில் இருந்த கந்தகம், மேற்பூச்சைக் கடந்து உள்ளே இருந்த வெள்ளிப் படலத்தைத் தாக்கியதே காரணம். உங்கள் தகட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நிறமாற்றமோ ஊசித்துளைகளோ இருக்கின்றனவா என்று சொல்லுங்கள்.

ஒலிமானி

மழைநாள் சொல்வது உண்மையான சிக்கல்தான். ஆனால் இந்தத் தகடுகளுக்கு அது பொருந்தாது. தரவு சிதைந்தால் டிக் டிக் என்ற ஒலியோ, விட்டுவிட்டு ஒலிக்கும் இடைவெளியோ வரும். ட்ரெபிள் மட்டும் சீராக உயராது. மேலும், சிதைந்த தகட்டிலிருந்து எடுத்த கோப்பு மற்றவர்களின் பிரதிகளோடு பிட் மாறாமல் ஒத்துப்போக வழியே இல்லை.

உங்கள் தகடுகள் ப்ரீ-எம்ஃபசிஸ் (உயர் அலைவெண்களை முன்கூட்டியே உயர்த்தி வைத்தல்) செய்து அச்சிட்டவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். குறுந்தகட்டின் தொடக்க ஆண்டுகளில் ஒலியை எண்களாக்கும் கருவிகளும், எண்களை மீண்டும் ஒலியாக்கும் கருவிகளும் இன்றுள்ள துல்லியத்தை எட்டியிருக்கவில்லை. பிலிப்ஸின் முதல் ப்ளேயரில் இருந்த டிடிஏ1540 சில்லு 14 பிட் மட்டுமே கொண்டது. மெல்லிய இடங்களில் இரைச்சல் மேலெழாமல் இருக்க, பதிவின்போதே உயர் அலைவெண்களை உயர்த்தி வைத்து, ஒலிக்கும்போது ப்ளேயர் அதே அளவுக்கு இறக்கிவிடும் ஏற்பாட்டை 1980இல் சோனியும் பிலிப்ஸும் வகுத்த ரெட் புக் என்ற குறுந்தகட்டுத் தரநிலை அனுமதித்தது. ஒவ்வொரு பாடலுக்கும் உரிய கட்டுப்பாட்டுத் தரவில் இதற்கென ஒரு பிட் உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், ப்ளேயர் தனக்குள் உள்ள வடிப்பானைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். கணினியோ தகட்டில் உள்ள எண்களை அப்படியே எடுத்து வைக்கிறது. உயர்த்தியதை இறக்குவதற்கு அங்கே ஆள் இல்லை.

உயர்த்தும் அளவு 1,000 ஹெர்ட்ஸில் அரை டெசிபெல்கூட இராது, 5,000இல் 4.5 டெசிபெல், 10,000இல் 7.6, 20,000இல் 9.5 என்று படிப்படியாக ஏறும். சாதாரண ட்ரெபிள் கட்டுப்பாட்டின் வளைவு இதோடு பொருந்தாததால்தான் ஒன்றைக் குறைக்கப் போய் மற்றொன்று மங்குகிறது. இதைக் காதளவில் சரிசெய்ய முயல வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் கேம் இசையே தகுந்த காரணம். வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். யமஹாவின் ஒய்எம்2151 போன்ற, மின்னணு இசையை உருவாக்கும் எஃப்எம் சில்லு எழுப்பும் மணியோசையோ, ஃபாமிகாம் கேம் கருவியின் இரைச்சல் தடத்தில் வரும் தாளமோ ‘இயல்பாக’ எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்று எந்தக் காது சொல்லும்? பழைய கேம் ஒலி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, திருத்தாத கோப்புகளையே ஆண்டுக்கணக்கில் கேட்டு வருவோர் பலர்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பாடல் பட்டியலில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்று தனி நெடுவரிசை உண்டு. அதில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

பழையசரக்கு

ஒலிமானி சொன்னதிலிருந்து போலியைக் கண்டறியவும் ஒரு வழி கிடைக்கிறது. இத்தகைய தகட்டை நகலெடுப்பவர் அந்த ஒரு பிட்டைக் கவனிக்காமல் விட்டிருந்தால், போலித் தகடு எந்த ப்ளேயரில் போட்டாலும் கூர்மையாகத்தான் ஒலிக்கும். உங்கள் ப்ளேயரில் சரியாக ஒலிக்கிறது என்பதால், இவை மூலத் தகடுகள் என்ற நம்பிக்கை எனக்குக் கூடுகிறது.

வெள்ளித்தட்டு

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஓபி இரண்டிலும் இருக்கிறது, எண்கள் ஒத்துப்போகின்றன, வரியைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. நிறமாற்றமும் இல்லை. திரைப்பட இசைத் தகட்டில் எல்லாப் பாடல்களுக்கும் ‘ஆம்’ என்று அந்த நெடுவரிசையில் காட்டுகிறது. ஆனால் கேம் இசைத் தகட்டில், கூர்மையாகக் கேட்கும் பாடல்கள் உட்பட எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே வருகிறது. அப்படியானால் அதற்கு வேறு காரணம் உண்டா?

ஒலிமானி

காரணம் அதுவேதான், அது எழுதப்பட்டிருக்கும் இடம்தான் வேறு. ப்ரீ-எம்ஃபசிஸ் குறி தகட்டில் இரண்டு இடங்களில் பதிவாகிறது: தொடக்கத்தில் உள்ள பொருளடக்கப் பகுதியில் ஒரு முறை, பாடல் ஓடும்போது ஒலித்தரவோடு கூடவே வரும் சப்கோடில் தொடர்ந்து. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றாலும், தொடக்க கால ஆலைகளில் பொருளடக்கத்தில் ‘இல்லை’ என்றும் சப்கோடில் ‘ஆம்’ என்றும் அச்சான தகடுகள் உண்டு. சப்கோடைப் பார்த்து இயங்கும் ப்ளேயர் சரியாக ஒலிக்கும். பொருளடக்கத்தை மட்டும் படிக்கும் மென்பொருள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

குறி பாடலுக்குப் பாடல் மாறலாம் என்பதால், உங்கள் தகட்டின் முன்பகுதியும் பின்பகுதியும் வேறுபடுவதிலும் வியப்பில்லை. மறுஆக்கப் பாடல்கள் ஒரு ஸ்டூடியோவிலும், மூல ஒலி வேறொரு கருவியிலும் பதிவாகி, பிறகு ஒரே தகட்டில் சேர்ந்திருக்கும். ஆல்ஃபா ரெக்கார்ட்ஸ் 1986இல் கேம் இசைக்கென்றே ஜி.எம்.ஓ. என்ற தனி முத்திரையைத் தொடங்கிய காலம் அது. மறுஆக்கத்தையும் மூல ஒலியையும் ஒரே தகட்டில் தருவது அன்றைய வழக்கமாகவே இருந்தது.

லினக்ஸில் சிடிஆர்டிஏஓ என்ற நிரலைக் கொண்டு தகட்டின் பொருளடக்கக் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு பாடலின் சப்கோடையும் படித்து, பொருளடக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாடல்வாரியாகத் தெரிவிக்கும். எல்லா டிரைவும் சப்கோடை ஒழுங்காகத் தருவதில்லை. ஒன்றில் வராவிட்டால் மற்றொன்றில் பாருங்கள்.

தென்றல்வழி

இடையில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். நான் கணினியே பயன்படுத்துவதில்லை. சிடி ப்ளேயரிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாகத் தனி டாக் கருவிக்குக் (டிஜிட்டல் எண்களை ஒலியாக்கும் கருவி) கொடுக்கிறேன். எனக்கும் சில பழைய தகடுகள் இப்படியே கேட்கின்றன.

ஒலிமானி

டிஜிட்டல் கேபிளில் ஒலியோடு இந்தக் குறியும் பயணிக்கிறது. ஆனால் அதைப் பொருட்படுத்தாத டாக் கருவிகள் உண்டு. அதே ப்ளேயரின் அனலாக் வெளியீட்டில் கேட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால், டாக் அந்தக் குறியைப் புறக்கணிக்கிறது என்று பொருள்.

வெள்ளித்தட்டு

சிடிஆர்டிஏஓவில் பார்த்தேன். ஒலிமானி சொன்னபடியே, மூல ஒலிப் பாடல்களுக்கு மட்டும் சப்கோடில் குறி இருக்கிறது. மறுஆக்கப் பாடல்களுக்கு இல்லை. இனி இந்தக் கோப்புகளைத் திருத்துவது எப்படி? தகட்டை மீண்டும் ரிப் செய்ய வேண்டுமா?

கோப்பறை

மீண்டும் ரிப் செய்யத் தேவையில்லை. கையில் உள்ள கோப்புகளை முதலில் ஒரு பிரதி எடுத்து, திருத்தாமல் பாதுகாத்து வையுங்கள். அவைதான் தகட்டில் உள்ளபடி உள்ளவை. அக்யூரேட்ரிப்போடு ஒப்பிட முடிவதும் அவற்றை மட்டுமே. திருத்திய கோப்பை அப்படிப் பிட் பிட்டாக ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. அவற்றோடு சேமிக்கும் கியூ கோப்பில் (தகட்டின் பாடல் அமைப்பைக் குறிக்கும் உரைக்கோப்பு), உரிய பாடல்களுக்கு மட்டும் ப்ரீ-எம்ஃபசிஸ் குறியைக் கையால் சேர்த்துவிடுங்கள். உங்கள் கேம் தகட்டைப் பொறுத்தவரை மென்பொருள் அதைத் தானாகச் சேர்த்திருக்காது. பின்னாளில் வெற்றுத் தகட்டில் பதிய நினைத்தால், அந்தக் குறி இருந்தால்தான் ப்ளேயர் சரியாக ஒலிக்கும்.

கேட்பதற்கான பிரதிக்கு இரண்டு வழிகள் உண்டு. கணினியில் ஃபூபார்2000 என்ற ப்ளேயர் மென்பொருளில் கேட்பவர் என்றால், ப்ரீ-எம்ஃபசிஸைக் கையாளும் துணைநிரலை நிறுவிவிட்டு, அந்தப் பாடல்களுக்கு உரிய குறிச்சொல்லை இட்டால் போதும். கோப்பைத் தொடாமலே, ஒலிக்கும்போது அது இறக்கிக்கொள்ளும். கைப்பேசியிலும் காரிலும் கேட்பதானால், சாக்ஸ் என்ற ஒலித்திருத்த நிரலில், உயர்த்தியதை இறக்கும் டீ-எம்ஃபசிஸுக்கென்றே உள்ள விளைவைச் செலுத்திப் புதிய கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விளைவு 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே மாதிரி வீதத்தை (அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்ணை) மாற்றுவதாக இருந்தால், இதை முடித்த பிறகே மாற்ற வேண்டும். வெளியீட்டை 24 பிட்டாக வைத்துக்கொள்வது நல்லது. வடிப்பானின் கணக்கில் வரும் பின்னங்களை 16 பிட்டுக்குள் திரும்ப வெட்டினால், இரைச்சலைக் குறைக்கவென்று அன்று செய்த ஏற்பாட்டின் பயன் சற்றுக் குறைந்துவிடும்.

சேகரிப்பு முழுவதையும் சோதிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1980களில், அதிலும் ஜப்பானில் அச்சான தகடுகளை மட்டும் பார்த்தால் போதும். பீட்டில்ஸின் ‘ஆபி ரோட்’ தொகுப்பை 1983இல் தோஷிபா-ஈஎம்ஐ வெளியிட்ட தகடுகூட ப்ரீ-எம்ஃபசிஸ் கொண்டதுதான். ஆனால் உங்கள் அனுபவம் காட்டுவது போல, நெடுவரிசையில் ‘இல்லை’ என்று கண்டதும் பழைய தகட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

வெள்ளித்தட்டு

திரைப்பட இசையின் எல்லாப் பாடல்களையும், கேம் தகட்டின் மூல ஒலிப் பாடல்களையும் சாக்ஸில் திருத்தினேன். ப்ளேயரின் அனலாக் வெளியீட்டைப் பதிவு செய்து, திருத்திய கோப்போடு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவெண் வரைபடமாக ஒப்பிட்டபோது, இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது: கைப்பேசிக்காக முன்பே எம்பி3யாக மாற்றி வைத்த கோப்புகளையும் இப்படியே திருத்தலாமா?

கோப்பறை

வேண்டாம். எம்பி3, உயர்த்திய நிலையில் இருந்த ஒலியை வைத்துத்தான் எதைக் காக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்திருக்கும். அவற்றை அழித்துவிட்டு, திருத்திய 24 பிட் கோப்பிலிருந்து புதிதாக எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.