டயாபடிஸ் இன்சிபிடஸ் என்றால் சர்க்கரை வியாதியா?

கரூர்_வாசகி:
பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) கட்டி ஆபரேஷனுக்குப் பிந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியில் "டயாபடிஸ் இன்சிபிடஸ்" என்று இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 92தான். பார்க்க வருகிறவர்கள் "சுகரா? சோற்றைக் குறையுங்கள்" என்கிறார்கள். சர்க்கரையே இல்லாத நோய்க்கு ஏன் டயாபடிஸ் என்று பெயர்? இதையும் நீரிழிவு என்பதா? மூக்கில் அடிக்க டெஸ்மோபிரஸ்ஸின் ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டுமா?

சொல்லாய்வு:
சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டயாபடிஸ் கிரேக்கச் சொல். ஊடே கடந்து போவது என்று பொருள். குடித்த தண்ணீர் தங்காமல் ஓடிவிடுவதைத்தான் சொல்கிறது. சர்க்கரைக்கு அதில் இடமே இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கப்படோசியாவின் (இன்றைய துருக்கியில் உள்ள பகுதி) கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ், சதை கரைந்து சிறுநீராகப் போகிற நோய் என்று இதை விவரித்தார். ஐரோப்பாவில் இனிப்பு கணக்கில் வந்தது 1670களில்: நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்று ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதினார். நாக்குதான் அன்றைக்கு லேப்! 1776இல் இன்னொரு ஆங்கில மருத்துவர் மாத்யூ டாப்சன் சிறுநீரைச் சுண்டவைத்து, அடியில் தங்கிய சர்க்கரையையே எடுத்துக் காட்டினார். நம் பக்கத்து வைத்தியர்கள் மதுமேகம் என்று வெகு காலம் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனிக்கும் வகைக்கு மெல்லிட்டஸ் (லத்தீனில் மெல் என்றால் தேன்), சப்பென்று இருக்கும் வகைக்கு இன்சிபிடஸ், அதாவது சுவையற்றது. முதலாவதில் இன்சுலின் கோளாறு, இரண்டாவதில் வாசோபிரஸ்ஸின் (பிட்யூட்டரி வெளியிடும், உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன்) கோளாறு. உங்கள் டெஸ்மோபிரஸ்ஸின் அதன் வேலையைச் செய்யும் மருந்து. அதிகமாக நீர் போவது மட்டுமே பொது.

நீரிழிவில் வரும் "இழிவு" கேவலம் இல்லை. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். அருவி இழிகிறது என்போமே, அது. நியாயமாகப் பார்த்தால் இந்தச் சொல் இன்சிபிடஸுக்குத்தான் கச்சிதம். ஆனால் வழக்கில் சர்க்கரைக்குப் போய்விட்டது. அதனால் வீட்டில் "தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் குறைவு" என்று சொல்லுங்கள், குழப்பம் வராது.

வார்டு_சிஸ்டர்:
தண்ணீர் விஷயம் கவனம். தாகம் எடுத்தால் கேட்கிறபோதெல்லாம் கொடுக்க வேண்டும், தடுக்கக் கூடாது. தடுத்தால் ரத்தத்தில் சோடியம் (135 முதல் 145 வரை இருக்க வேண்டியது) மேலே ஏறும். மறுபக்கம், ஸ்ப்ரே வேலை செய்கிற நேரத்தில் தாகமில்லாமல் செம்பு செம்பாகக் குடித்தால் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. வேளைக்கு நடுவே ஒருமுறை சிறுநீர் தாராளமாகப் போய்த் தாகம் எடுத்த பிறகே அடுத்த டோஸ் என்று பலருக்குச் சொல்வார்கள்; உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் ஸ்ப்ரே சரியாக ஏறாது, மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் வருவது பலருக்கு ஒரு சில நாளில் தானாக நின்றுவிடும். சிலருக்கு முதலில் நிறையப் போகும், ஒரு வாரம் வாக்கில் சட்டென்று குறைந்து சோடியம் இறங்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். நடுவில் குறைவதைக் குணம் என்று நினைத்து ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. 2022இல் உலக அளவிலான ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் பெயரையே மாற்றச் சொல்லிவிட்டன: ஹார்மோன் சுரப்பு குறைந்தால் "ஏவிபி டெஃபிஷியன்சி" (ஏவிபி என்பது வாசோபிரஸ்ஸினின் சுருக்கப் பெயர்), சுரந்தும் சிறுநீரகம் கேட்காவிட்டால் (லித்தியம் மாத்திரை ஒரு காரணம்) "ஏவிபி ரெசிஸ்டன்ஸ்". டயாபடிஸ் என்ற சொல்லைப் பார்த்து வார்டில் சர்க்கரை மட்டும் சோதித்துவிட்டு, டெஸ்மோபிரஸ்ஸினைத் தவறவிட்ட சம்பவங்கள்தான் காரணம். வேறு எந்த வியாதிக்கு அட்மிட் ஆனாலும் இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

கரூர்_வாசகி:
நன்றி. 24 மணி நேரச் சிறுநீர் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அது எப்படி?

லேப்மேட்:
காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழித்துக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதற்குப் பிறகு வருவது எல்லாம், மறுநாள் காலை 6 மணிச் சிறுநீர் உட்பட, கேனுக்குள். பெரும்பாலோர் கோட்டை விடுவது முதல் நாள் காலையதையும் சேர்ப்பதிலும், மலம் கழிக்கும்போது போவதை விட்டுவிடுவதிலும்தான். பெரியவர்களுக்கு 3 லிட்டருக்கு மேல் போனால் அதிகம். இந்த நோயில் ஒரு கேன் போதாமல் போகலாம், முன்கூட்டியே இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்ப்ரே அடித்த நேரங்களையும் லேபிளில் எழுதுங்கள். அது தெரியாமல் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.