புதுப்பிப்பு: ஸ்டூல் வந்துவிட்டது, பாதி

கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை, கால் வீங்குது என்று போன மாசம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நீங்கள் சொன்ன சட்டப்பிரிவை, அதாவது 1947 கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் சேர்த்த 22-ஏ, எல்லா ஊழியருக்கும் இருக்கை தரணும் என்பதை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானும் பட்டு செக்‌ஷன் அக்காவும் போனோம். கத்துவார் என்றுதான் நினைத்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, முன்னாடியே கேக்கக் கூடாதா?"

கேட்டோமே, மேனேஜர்கிட்ட!

மறுநாள் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். நாங்கள் பதினோரு பேர். ஒன்றில் மேனேஜரின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது. முகூர்த்த நாளில் மற்றதும் மாடிக்குப் போய்விடும்.

நேற்று மதியம் கூட்டமில்லை. அக்கா உட்கார்ந்து கொலுசை மேலே தள்ளிவிட்டாள். கணுக்காலில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மிச்சம் ஏழு ஸ்டூலுக்குத் திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.