கேப்பர் மலைச் சரிவில் மனைக்கல்: 1783 பாளையம் இறங்கிய இடத்தில் ஒரு துண்டாவது மிஞ்சுமா?

மஞ்சக்குப்பத்துக்காரர்:
வணக்கம். போன வருஷம் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். மாப்பிள்ளை மோரிஸ்டவுன் பக்கத்தில் ஜாக்கி ஹாலோ என்ற காட்டுக்குக் கூட்டிப் போனார். அமெரிக்க விடுதலைப் போரில், 1779-80 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை, பத்தாயிரம் பேருக்கு மேல், அங்கே பனியில் கிடந்தது. மரத்தை வெட்டி ஆயிரத்துக்கும் அதிகமான குடிசைகள் போட்டார்கள். குடிசைக்குப் பன்னிரண்டு பேர். இன்றைக்கு அங்கே புல் மேடும், மாதிரிக்குக் கட்டிய சில குடிசைகளும்தான். ஆனாலும் 1933இலேயே அதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கிவிட்டார்கள்.

கடலூர் திரும்பியதும் வண்டிப்பாளையம் வழியாகக் கேப்பர் மலைப் பக்கம் நடந்தேன். முந்திரித் தோப்பு இருந்த சரிவில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள். ஜேசிபி சுரண்டிய செம்மண்ணிலிருந்து ஒரு பையன் உருண்டை ஒன்றை எடுத்து வைத்திருந்தான். கோலிக்குண்டு அளவுதான், ஆனால் உள்ளங்கை தாழ்கிற கனம். மேலே சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை. நகத்தால் கீறினால் ஈயம் மின்னியது. பழைய துப்பாக்கிக் குண்டாக இருக்கும் என்று தோன்றியது.

1783 ஜூனில், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை, கடலுக்கும் இந்தக் குன்றுகளுக்கும் நடுவில்தான் பாளையம் இறங்கியது. ஜூன் 13 தாக்குதலில் செத்தவர்களில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் உண்டு. கடைசியில் ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்டது என்று செய்தி வந்து சண்டை நின்றது.

வீடே கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சரிவில் கொஞ்சமாவது விட்டுவைக்க யாரிடம் போவது?

சர்வே ஆள்:
சார், முதலில் சர்வே எண்ணைப் பிடியுங்கள். நகர் ஊரமைப்பு அனுமதி வந்துவிட்டதா பாருங்கள். பெரிய மனைப்பிரிவில் சாலை போக 10% நிலத்தைப் பூங்கா மாதிரியான பொது இடத்துக்கு விட வேண்டும். பெரும்பாலும் விலை போகாத மூலைப் பள்ளத்தைக் காட்டிவிடுவார்கள். அனுமதிக்கு முன்பே மனு கொடுத்தால், அந்த 10%ஐ இந்தச் சரிவிலேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள், தொல்லியல் துறைக்கு ஒரு நகல்.

அப்புறம் அந்தக் குண்டு. 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்த இடத்தைக் குறித்துவையுங்கள். இடம் தெரியாவிட்டால் அது வெறும் ஈயம்.

கெடிலக்கரை:
அந்தப் பக்கம் நகையை விற்று 3 சென்ட் வாங்கியிருக்கிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் 100 மீட்டருக்குள் கட்டவே முடியாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பூங்கா என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

புதுச்சேரித் தமிழாசிரியர்:
பாளையம் என்றாலே படை தங்கும் இடம்தானே ஐயா. வாடைக்காலத்தில் படை தங்குவதற்குக் கூதிர்ப் பாசறை என்று தனிப் பெயரே வைத்தவர்கள் நாம். நெடுநல்வாடையில் அரசன் தூறலில், நடுராத்திரியில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்தபடி பாசறைக்குள் நடக்கிறான். மனுவில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. பையனின் அம்மாவிடம் பேசிவிட்டேன், குண்டு அவர்கள் வீட்டு மஞ்சள்தூள் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை அவனோடு போய், எடுத்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துப் போட்டோ எடுக்கப் போகிறேன். கெடிலக்கரை அம்மா, மனுவில் உங்கள் கையெழுத்தே முதலில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரட்டுமா?