ஹோய் ஆன் பழைய நகரத்துக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி: வியட்நாம் போகிறோம். டா நாங்கில் தங்கிவிட்டு ஹோய் ஆனைக் காலையில் பார்த்து மாலையில் திரும்பினால் போதுமா? அம்மாவும் வருகிறார், அதிகம் நடக்க முடியாது. அக்டோபரில் போகலாமா?

பதில்: ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால், விடியற்காலையில்தான் அந்த மஞ்சள் சுவர்களை நின்று பார்க்க முடியும். ஜப்பானியப் பாலத்தின் ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்ச் சிலைகள், விட்டுவிடாதீர்கள். அப்புறம் பழைய வீடுகளின் வாசலுக்கு மேலே மரத்தில் செதுக்கிய இரண்டு கண்கள் இருக்கும், அண்ணாந்து பாருங்கள்.

பதில்: அக்டோபர் வேண்டாம். து போன் ஆறு பெருகினால் தெருவுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும், அங்குள்ள டான் கீ என்ற பழைய வணிகர் வீட்டில் வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் குறித்தே வைத்திருக்கிறார்கள். மார்ச் நல்லது.

பதில்: இது ஒரு காலத்தில் துறைமுகம். ஆறு தூர்ந்து கப்பல்கள் டா நாங்குக்கு மாறியதால் வியாபாரம் குறைந்தது, பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டத் தேவை வரவில்லை, அதனால்தான் இந்த ஊர் இடிபடாமல் தப்பியது. 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அம்மாவுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும்.