ஃபெல்லோஷிப்ல வந்தவங்க போனப்புறம் பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) என்ன மிஞ்சுதுன்னு எப்படி அளக்கறது? (நீலகிரி)

கோத்தகிரி_சாரல்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல இருக்கேன், இருளர் குறும்பர் ஊருங்கள்ல சுகாதார வேலைதான் முக்கியமா பாக்கறோம். பொது சுகாதாரத்துக்கு ஆள் தயார் பண்ற அரசு ஃபெல்லோஷிப் ஒண்ணுல இருந்து நம்ம மாவட்டத்துக்கும் கொஞ்சம் பேர் வந்திருந்தாங்க. ரெண்டு வருஷம் பி.எச்.சி. கூடவும் மாவட்ட ஆபீஸ் கூடவும் சேர்ந்து வேலை பாத்தாங்க, இப்ப அந்த பேட்ச் முடியுது, திட்டம் எப்படிப் போச்சுன்னு மதிப்பீடு பண்ற டீம்ல எங்களையும் சேர்த்திருக்காங்க.

கையில குடுத்திருக்கற ஃபார்ம்ல என்ன இருக்குன்னா, பயிற்சி பிடிச்சுதா, உதவித்தொகை மாசாமாசம் வந்துச்சா, வழிகாட்டி நல்லா சொல்லிக்குடுத்தாரா, எல்லாத்துக்கும் 1-லருந்து 5 வரைக்கும் மார்க். அப்புறம் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை ரிப்போர்ட் எழுதுனாங்க. இதெல்லாம் வேண்டாம்னு சொல்லல. ஆனா இதை மட்டும் வச்சு திட்டம் வேலை செஞ்சுதுன்னு எப்படி எழுதறது? வந்த பிள்ளைங்க நல்லா உழைச்சாங்க, கண்ணால பாத்தேன். பிள்ளைங்க நல்லா உழைச்சதும் திட்டம் பலன் குடுத்ததும் ஒண்ணுதானா?

இன்னொரு பக்கம் மேல இருந்து கேக்கறாங்க, ஃபெல்லோஸ் வந்தப்புறம் தாய் மரணம் சிசு மரணம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு ஒரு கிராஃப் போட்டுக் குடுங்கன்னு. மனசுக்கு ஒப்பவே மாட்டேங்குது. இந்த மாதிரி வேலை பண்ணவங்க சொல்லுங்க, எதை அளக்கணும், யார்கிட்ட கேக்கணும்?

எபி_சென்னை:

முதல்ல அந்த மரண கிராஃபை ஓரமா வைங்க. நீலகிரி ஜனத்தொகை 2011 கணக்கெடுப்புல 7,35,394. தாய் மரண விகிதம்ங்கறது ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இத்தனைன்னு போடற கணக்கு, உங்க மாவட்டத்துல ஒரு லட்சம் பிரசவம் ஆகணும்னா பத்து வருஷத்துக்கு மேல ஆகும். ஒரு வருஷத்துல ஒரு மரணம் கூடினா விகிதம் சட்டுனு ஏறும், ஒண்ணு குறைஞ்சா சட்டுனு இறங்கும், அதுல ஃபெல்லோவோட பங்கைத் தேடி எடுக்கவே முடியாது. போதாததுக்கு இந்த சில வருஷத்துல வீட்டுக்கே வந்து பாக்கற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்துச்சு, ஊட்டியில மெடிக்கல் காலேஜ் வந்துச்சு. எதனால குறைஞ்சுதுன்னு சொல்லுவீங்க?

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல சொன்ன நாலு படி இன்னிக்கும் உபயோகமா இருக்கு. பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலை பாக்கற விதம் மாறுச்சா, அதனால அமைப்புக்கு என்ன பலன். உங்க ஃபார்ம் முதல் படியிலயே நிக்குது. உங்களுக்கு வேண்டியது மூணாவதும் நாலாவதும்.

இந்த வகை திட்டத்தோட மூலமே வேலை பாத்துக்கிட்டே கத்துக்கறதுதான். அமெரிக்காவுல சி.டி.சி.ங்கற நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1951-ல ஈ.ஐ.எஸ்.னு நோய்ப் பரவலை விசாரிக்கற பயிற்சியை ஆரம்பிச்சாங்க, சென்னையில ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துல 2001-ல இருந்து அதே முறையில ரெண்டு வருஷப் பயிற்சி நடக்குது, டெல்லி என்.சி.டி.சி.ல (தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்) இந்தியா ஈ.ஐ.எஸ். 2012-ல தொடங்குச்சு. இதுலயெல்லாம் பயிற்சியில இருக்கறவங்க நோய்ப் பரவலை நேர்ல போய் விசாரிக்கணும், ஒரு கண்காணிப்பு முறையை எடுத்து அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு மதிப்பிடணும். அதனால சாட்சி அவங்க செஞ்ச வேலையிலயே இருக்கு, தனியா பரீட்சை வைக்க வேண்டியதில்ல.

என் யோசனை, தேதிகளை எடுங்க. காய்ச்சலோ வயித்துப்போக்கோ நாலு வீட்டுல வந்துச்சுன்னா முதல் ஆளுக்கு எப்ப ஆரம்பிச்சுது, சுகாதாரப் பணியாளருக்கு எப்ப தெரிஞ்சுது, மேல எப்ப சொன்னாங்க, வேலை எப்ப முடிஞ்சுது. 7-1-7னு ஒரு அளவுகோல் 2021-ல இருந்து உலகம் பூரா பேசறாங்க, ஏழு நாளுக்குள்ள கண்டுபிடி, ஒரே நாள்ல தகவல் குடு, அடுத்த ஏழு நாளுக்குள்ள முதல்கட்ட நடவடிக்கை எல்லாம் முடி. ஃபெல்லோ வர்றதுக்கு முன்னாடி, இருந்தப்ப, போனப்புறம்னு மூணு காலத்துக்கும் பாருங்க. போனப்புறம்ங்கறதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

ஒரு எச்சரிக்கை. செலக்ட் ஆகி வர்றவங்க ஏற்கனவே கெட்டிக்காரங்க, இந்தத் திட்டம் இல்லைன்னாலும் எங்கயாவது நல்லா வந்திருப்பாங்க. அதனால கடைசி ரவுண்ட் வரைக்கும் வந்து இடம் கிடைக்காம போனவங்க இப்ப என்ன பண்றாங்கன்னு கேக்க முடிஞ்சா கேளுங்க, அதுதான் நியாயமான ஒப்பீடு. நாலு பிளாக் இருக்கற மாவட்டத்துல பெரிய புள்ளியியல் எதுவும் தாங்காது. ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னாடி போய்த் தேடி, இது ஃபெல்லோவால வந்துச்சா வேற காரணமான்னு கண்ணி கண்ணியா சோதிச்சு எழுதுங்க.

பந்தலூர்_ஹெச்_ஐ:

நான் பந்தலூர் தாலுகாவுல சுகாதார ஆய்வாளர். எபி சார் சொன்ன தேதி கணக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா போர்ட்டல்ல இருக்கற தேதியை அப்படியே எடுத்துடாதீங்க. எங்க பக்கம் பாதி பாடிகள்ல (சின்னச் சின்னக் குடியிருப்புங்கள்ல) டவர் கிடையாது, மழைக்காலத்துல மண்சரிவு வந்தா ரோடும் இருக்காது, செவிலியர் ஊருக்குள்ள போய் பாத்த அன்னிக்கு நோட்டுல எழுதிக்கிட்டு டவர் கிடைக்கற இடத்துக்கு வந்துதான் ஐ.எச்.ஐ.பி.ல (நோய்த் தகவல் பதியற அந்த அரசு போர்ட்டல்) ஏத்துவாங்க. போர்ட்டல் தேதியை வச்சா தாமதம்னு வரும், நோட்டைப் பாத்தா அன்னிக்கே பாத்திருப்பாங்க. நோட்டு கேளுங்க.

ரெண்டு விஷயம் சொல்றேன், நான் கூடவே இருந்து பாத்தது. கேரளாவுல நிபா வந்தா (2018-ல கோழிக்கோடு, 2023-ல மறுபடி கோழிக்கோடு, 2024-ல மலப்புரம்) நாடுகாணி, பாட்டவயல், தாளூர் செக்போஸ்ட்ல நாங்க நிப்போம். ஒரு தடவை ஒரு ஃபெல்லோ எங்க கூட நின்னாங்க. தர்மாமீட்டர் பிடிக்கறதோட விடாம, காய்ச்சல்னு தெரிஞ்சா அடுத்து யாருக்கு போன், ஆளை எங்க உக்கார வைக்கணும், எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி, கூட வந்தவங்க விலாசத்தை யார் எழுதறதுன்னு எங்களையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டினாங்க. அவங்க போயாச்சு. தாள் இருக்கு, நம்பர் மாறினா நாங்களே அடிச்சு மாத்தி எழுதிக்கறோம்.

இன்னொண்ணு சிக்கிள் செல், பரம்பரையா வர்ற ரத்த நோய். கூடலூர் பந்தலூர்ல பணியர், குறும்பர் ஊருங்கள்ல இது இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், 2023 ஜூலையில தேசிய இயக்கம் வந்தப்புறம் பரிசோதனை வேகமா நடந்துச்சு. நோய் உறுதியானவங்க எல்லாரையும் வேற ஒரு ஃபெல்லோ அருமையா எக்ஸெல்ல போட்டு கலர் கலரா மேப் எல்லாம் பண்ணாங்க, மீட்டிங்ல நல்ல பேரு. ஃபைல் அவங்க லேப்டாப்ல. அவங்க போனதும் அதைத் திறக்கக்கூட இங்க ஆள் இல்ல. இந்த நோய்க்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடறவங்களுக்கு குறிப்பிட்ட இடைவெளியில ரத்த அணு எண்ணிக்கை பாத்தே ஆகணும், யாருக்கு எப்பன்னு இப்ப சொல்றது எங்க கிராம சுகாதார செவிலியரோட லாங் சைஸ் நோட்டுதான். ஸ்கேல் வச்சு கோடு போட்டு, பேரு, பாடி, மாத்திரை, அடுத்த ரத்தப் பரிசோதனை, வயநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தா பேருக்குப் பக்கத்துல சிவப்புல வ-ன்னு ஒரு எழுத்து. ரெண்டு ஃபெல்லோவுமே திறமைசாலிங்கதான். உங்க ஃபார்ம்ல ரெண்டு பேருக்கும் 5 மார்க் விழும்.

முன்னாள்_ஃபெல்லோ:

நான் வேற மாவட்டத்துல இதே மாதிரி திட்டத்துல இருந்தவ, சொந்த ஊர் குன்னூர். ஹெச்.ஐ. அண்ணா சொன்னதைப் படிச்சு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அந்த ரெண்டாவது ஃபெல்லோ அப்படி செஞ்சதுக்கு காரணம் பெரும்பாலும் திட்டத்துலதான் இருக்கும். எங்களை எதை வச்சு மதிப்பிட்டாங்களோ அதைத்தான் செஞ்சோம். காலாண்டுக்கு ஒரு பிரசன்டேஷன், அதுல மேப் இருந்தா கைதட்டு. செவிலியர் பக்கத்துல உக்காந்து நோட்டுக்கு கோடு போட்டுக் குடுத்தா அதை எழுத எந்த ரிப்போர்ட்லயும் இடமே கிடையாது. அதனால ஃபெல்லோஸ்கிட்ட பிடிச்சுதான்னு கேக்கறதை விட உங்க நேரம் எங்க போச்சுன்னு கேளுங்க, ஃபீல்டுல எவ்வளவு, ஆபீஸ்ல ஸ்லைடு போட்டது எவ்வளவு. பணியர் மொழியோ படுக மொழியோ தெரிஞ்ச ஆள் கூட அனுப்பினாங்களான்னும் கேளுங்க.

இன்னொண்ணு, முடிச்சவங்க எங்க போனாங்கன்னு பாக்கும்போது ரெண்டு வகையா பிரிச்சுடுங்க. அரசு வேலையில இருந்துக்கிட்டே பயிற்சிக்கு வந்தவங்க திரும்பி அவங்க சீட்டுக்கே போறாங்க. என்னை மாதிரி வெளியில இருந்து வந்தவங்களுக்கு சீட்டே கிடையாது, கான்ட்ராக்ட் கிடைச்சா உண்டு. தமிழ்நாட்டுல பொது சுகாதாரத்துக்குன்னு தனி இயக்குநரகம், தனி பணிநிரை (கேடர்), 1939-லருந்து தனிச் சட்டம் எல்லாம் இருக்கு, அந்தக் கட்டமைப்புக்குள்ள ஃபெல்லோவுக்கு எந்த இடம்னு யோசிக்காம போட்டுட்டு, முடிச்சவங்க துறையில தங்கலைன்னு எழுதினா அது பிள்ளைங்க மேல பழி போடறது. நடுவுல விட்டுட்டுப் போனவங்களையும் தேடிப் பிடிச்சு கேளுங்க, அவங்ககிட்டதான் நிறைய விஷயம் இருக்கும்.

கோத்தகிரி_சாரல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, மூணு பதிலையும் பிரின்ட் எடுத்து டீம்ல குடுத்துட்டேன். மரண கிராஃப் வேண்டாம்ங்கறதுக்கு அந்த ஒரு லட்சம் பிரசவக் கணக்கை சொன்னதும் மறுபேச்சு இல்ல. ஒரு சந்தேகம், செவிலியர்ங்ககிட்ட ஃபெல்லோவால என்ன பிரயோஜனம்னு கேட்டா டாக்டர் பக்கத்துல இருக்கும்போது நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்றாங்க. எப்படிப் பேச வைக்கறது?

பந்தலூர்_ஹெச்_ஐ:

பி.எச்.சி.க்கு வர வச்சு கேக்காதீங்க, துணை சுகாதார நிலையத்துக்கு நீங்க போங்க, தடுப்பூசி போடற புதன்கிழமை மட்டும் வேண்டாம். கருத்து கேக்காதீங்க, எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ஃபெல்லோ இருந்தப்ப ஆரம்பிச்சதுல இப்பவும் நீங்க பண்றது எதுன்னு கேட்டா நோட்டையோ தாளையோ எடுத்து முன்னாடி வைப்பாங்க, கடைசியா எழுதின தேதியை நீங்களே பாத்துக்கலாம். ஒண்ணும் எடுக்கலைன்னா அதுவும் பதில்தான்.

எபி_சென்னை:

இதுக்கு மேல நான் சேர்க்க ஒண்ணுதான். அடுத்த பேட்ச் வரப்போகுதுன்னா அவங்க சேர்றதுக்கு முன்னாடியே இதே நோட்டு, இதே தேதிகளை எல்லா பிளாக்லயும் ஒரு தடவை எடுத்து வச்சுடுங்க. முடிஞ்சா ரெண்டு பிளாக்குக்கு முதல்லயும் மத்த ரெண்டுக்கு ஒரு வருஷம் கழிச்சும் ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்க, ஒப்பிட்டுப் பாக்க இடம் கிடைக்கும். கூடவே, ஃபெல்லோ தயாரிக்கற எந்த ஃபைலா இருந்தாலும் பி.எச்.சி. கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி, அதை ஓட்டத் தெரிஞ்ச நிரந்தரப் பணியாளர் ஒருத்தர், இந்த ரெண்டும் இருந்தாத்தான் சான்றிதழ்னு பரிந்துரையில எழுதிடுங்க.