விளையாட்டு ஆக்குநர்மீதான வசவு: ‘ஆள்வசை’ என்னும் சொல் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுக் கருத்துக்களம் ஒன்றின் நடத்தை விதிகளைத் தமிழில் எழுதி வருகிறேன். பதிவுகளை நெறிப்படுத்துவதைக் குறிக்கும் மட்டுறுத்தல் (moderation), மட்டுறுத்துநர் ஆகிய சொற்கள் முன்பே வேரூன்றிவிட்டதால் அவற்றில் சிக்கல் இல்லை. விளையாட்டை உருவாக்கியவர்களை இழித்துரைக்கும் பதிவுகளுக்குத்தான் சரியான பெயர் அகப்படவில்லை. ‘துன்புறுத்தல்’ என்றால் கொலை மிரட்டலும் விடாமல் பின்தொடர்தலும் அதற்குள் வந்துவிடுகின்றன. ‘நச்சுப் பேச்சு’ என்றால் விளையாடுவோர் தங்களுக்குள் ஏசிக்கொள்வதும் சேர்ந்துகொள்கிறது. ‘ஆக்குநர் வசை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி:

அன்புடையீர், ‘ஆக்குநர் வசை’ செவிக்கு இனிதாக இருந்தாலும், தொகைச்சொல்லாக நிற்கும்போது ஆக்குநரை வைத வசையா, ஆக்குநர் வைத வசையா என்று மயங்க வைக்கிறது. இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. 2018 ஜூலையில், விளையாடுவோருடன் ட்விட்டரில் எழுந்த வாக்குவாதத்தை ஒட்டி அரீனாநெட் என்னும் விளையாட்டு ஆக்க நிறுவனம் தன் ஊழியர் இருவரைப் பணிநீக்கம் செய்தபோது, யார் யாரை இழிவுபடுத்தினார் என்பதிலேயே கருத்து பிளவுபட்டது. அப்படியொரு வழக்கில் இருபுறமும் வெட்டும் சொல் மட்டுறுத்துநருக்கு உதவாது.

‘ஆள்வசை’ என்பதை என் பரிந்துரையாக முன்வைக்கிறேன். சொல்லின் காரத்தை அளப்பதைவிட அது யார்மீது பாய்கிறது என்று பார்ப்பதே மட்டுறுத்தலுக்கு உகந்த அளவுகோல். “இந்தப் புதுப்பிப்பு படுகுப்பை, காசைத் திருப்பிக் கொடுங்கள்” என்பது கடுமையான பேச்சுதான். ஆனாலும் அது ஆக்கத்தைப் பற்றியது, ஆகவே இருக்கட்டும். “இதைச் செய்தவனுக்கு மூளையே இல்லை” என்பது ஆளைப் பற்றியது, ஆகவே நீக்கத்தக்கது. கெட்ட சொற்களின் பட்டியலை வைத்து இயங்கும் வடிகட்டி முதலாவதைப் பிடித்து இரண்டாவதை விட்டுவிடக்கூடும்.

இந்த வசவுகள் எவ்வளவு சிறிய காரணத்துக்குப் பிறக்கின்றன என்பதற்கு 2013இல் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2 விளையாட்டில் நடந்ததைச் சொல்லலாம். டிஎஸ்ஆர் 50 என்னும் துப்பாக்கியின் சுடும் நேரம் 0.2 நொடியிலிருந்து 0.4 நொடியாக மாற்றப்பட்டது. அதற்காக வடிவமைப்பு இயக்குநர் டேவிட் வாண்டர்ஹாருக்கு வசவும் கொலை மிரட்டலும் குவிந்தன. இங்கே மிரட்டல் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. ஒரு களம் அன்றாடம் தானே கையாள வேண்டியிருப்பது எஞ்சிய வசவைத்தான். தனிப்பெயர் தேவைப்படுவதும் அதற்கே.

மறுமொழி:

ஐயா, ‘ஆள்வசை’யை ஏற்கிறேன். ஜப்பானிய நிறுவனங்கள் ‘கஸ்டமர் ஹராஸ்மென்ட்’ என்ற பெயரில் விதி வகுக்கின்றன, ஸ்கொயர் எனிக்ஸும் 2025 ஜனவரியில் அவ்வாறு ஒரு கொள்கையை வெளியிட்டது. எனவே ‘வாடிக்கையாளர் தொல்லை’ என்றே வைக்கலாம் என நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது நிறுவனத்தின் பார்வையில் அமைந்த சொல். ஏசுவோரில் விளையாட்டை வாங்காதவரும் உண்டு என்பதால் களத்துக்கு அது பொருந்தாது என்று கருதுகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. “நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பெருந்தன்மை வாழ்க” என்பது போன்ற பதிவை எதில் சேர்ப்பது? வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமலே அது வைகிறது. அடுத்து, “சோம்பேறி டெவலப்பர்கள்” என்ற வழக்கமான ஏச்சு. அது ஒருவரையும் பெயர் சுட்டவில்லை; வேலையின் குறையைத்தான் சொன்னேன் என்று எழுதியவர் வாதிடுவார்.

மறுமொழி:

முதலாவதற்குச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக்கி, வெளிப்படையானதை வசை என்றும் மறைத்து மொழிவதைப் பழிகரப்பு என்றும் பெயரிட்டுள்ளது. இத்தனை நூற்றாண்டுகளாகப் புலவர்களிடம் மட்டும் இருந்த ‘பழிகரப்பு’ மட்டுறுத்துநர் கைக்கும் வரட்டுமே! ஆனால் அதை ஆள்வசையின் உட்பிரிவாக வைத்து, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்வது நல்லது; எள்ளலையெல்லாம் நீக்கப் புகுந்தால் களத்தில் ஆளிருக்காது.

‘சோம்பேறி’யை ஆள்வசை என்றே கொள்வேன். ஒரு வழு திருத்தப்படாமல் கிடப்பதற்கு வெளியீட்டாளரின் கெடு, ஆள் பற்றாக்குறை, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று உடையும் பழைய நிரல் எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும், விளையாடுபவருக்கு இவற்றில் எதுவும் தெரிய வழியில்லை. குறையை மட்டும் எழுதிவிட்டுக் குணத்தைத் தீர்ப்பிடாமல் விடுவது அவரால் இயலாத காரியமன்று. பெயர் சுட்டாத பன்மை வசவும், குழு சிறிதாக இருந்தால், இன்னாரென்று தெரிந்தே விழுகிறது.

விதியில் இப்படி எழுதலாம்: “ஆள்வசை: ஆக்கத்தின் குறையைக் கூறாமல், அல்லது கூறும் சாக்கில், ஆக்கியவரின் அறிவையோ குணத்தையோ பிறப்பையோ உடலையோ இழித்துரைத்தல்.” ‘ஆள்வசைத்தல்’ என்ற வினை நாக்கில் நிற்காது என்பதால் ‘ஆள்வசை பேசுதல்’ என்றே வழங்கலாம். ‘சாக்கில்’ என்பது பேச்சுவழக்காகத் தோன்றினால் ‘போர்வையில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.